மேக்னா கறந்த பால்

செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அம்மா வரப்பில் வருவதைப் பார்த்ததுமே மேக்னாவுக்கு விளங்கிவிட்டது. வீட்டுக்கு அழைத்துப் போகத்தான் வருகிறாள்.

டோட்டோ என்கிற பேட்டரி ரிக்‌ஷா பெரிய சாலையோடு நின்றுவிடும். அப்புறம் வயலும் குளமும்தான். கூப்பிடு தூரத்தில் இன்னொரு கூரை கிடையாது.

நகரத்தில் பெஹாலா மாடி வீட்டை விட்டு, பயிர் செய்யக் குத்தகை நிலத்துக்கு மேக்னா வந்தது மழைக்கு முன்னால். அப்பா இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டார். அம்மாவுக்கு இதுதான் முதல் தடவை.

அம்மா எதையும் பார்க்காமல் விடவில்லை. தகரக் கதவின் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தாள். வாத்துகளை ஒரு முறை முறைத்தாள். மகளின் உள்ளங்கையைத் திருப்பி, காய்ப்பைத் தடவிப் பார்த்தாள்.

பிறகு, "டோட்டோக்காரனை நிக்கச் சொல்லியிருக்கேன். துணிமணியை எடுத்து வச்சுக்கோடி" என்றாள்.

மேக்னாவுக்கு ராத்திரியில் தனியாகப் படுக்கப் பயமாகத்தான் இருக்கிறது. இன்னொரு தடவை கூப்பிட்டால் போய்விடுவாள். போனால் திரும்ப விடமாட்டார்கள்.

பதிலுக்கு, காலையில் தானே கறந்த பசும்பாலைச் சொம்போடு நீட்டினாள்.

அம்மா மோந்து பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மண் அடுப்பின் முன் உட்கார்ந்தாள். விறகு பழக்கமில்லை. ஊதி ஊதிக் கண் சிவந்துவிட்டது.

அம்மா காய்ச்சினால் பாலுக்கே பயம். ஒரு சொட்டு வெளியே போகாது.

பால் விளிம்புக்கு ஏறியது. அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கோபத்தில் கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று மேக்னா துணியோடு பாய்ந்தாள். அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

பால் பொங்கி வழிந்தது. அடுப்பு சுர்ரென்று புகைந்தது.

அப்பாவுக்கு மாற்றலான ஊரிலெல்லாம், புது வீட்டில் குடிபுகுந்த அன்று, பால் பொங்குகிறதே என்று சின்னப் பெண்ணாக அவள் ஓடும்போது அம்மா இப்படித்தான் பிடித்துக்கொள்வாள்.

தூரத்தில் டோட்டோக்காரன் ஹாரன் அடித்தான். அம்மா எழுந்திருக்கவில்லை. பிடித்த கையையும் விடவில்லை.

"கிழக்கே வழியறதான்னு பாருடி. இல்லேன்னா அடுப்பை மாத்திப் போடலாம்."