கண்ணாடிக்குக் கீழே பையன்கள்

"பையன்களைப் பாத்தது போதும். கொஞ்சம் இந்தப் பக்கமும் திரும்புங்கம்மா."

வெர்லா டைக் கையைத் தட்டினாள். பதினான்கு பெண்களும் திரும்பினார்கள். எல்லாம் பன்னிரண்டு, பதிமூன்று வயது. அரை நிமிடம்கூட ஆகவில்லை, ஒவ்வொரு கழுத்தாக மறுபடி ஜன்னல் பக்கம் போயிற்று.

ஊர் ஐஸ் ஹாக்கி அரங்கின் மாடி அறை அது. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. கீழே ஐஸில் பையன்கள் பயிற்சியில் இருந்தார்கள். ரப்பர் வில்லை பலகையில் மோதும் சத்தம் மேலே வரைக்கும் கேட்டது.

இந்த வயதில் இதுகளுக்கு வேறு என்ன கண்ணில் படும் என்று வெர்லாவுக்கு எரிச்சலாக வந்தது.

முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்தவள். ஓய்வு பெற்றதும் கனடாவின் மனிடோபா மாகாணம் முழுக்க அலைந்து அந்தக் காலத்து வீராங்கனைகளின் கதைகளைச் சேர்த்தாள். அதையெல்லாம் சின்னப் பெண்களுக்குச் சொல்லி உசுப்பிவிட வேண்டும் என்று ஆசை. மூன்று வருடமாக ஊர் ஊராகக் கேட்டும் ஒருவரும் அவளைச் சீந்தவில்லை. போன திங்கட்கிழமை இந்த ஊர் ஹாக்கி சங்கத் தலைவர் டார்வின் கோவல்சுக் தானாகவே போன் பண்ணினார்.

"வர்ற வியாழக்கிழமை அஞ்சு மணிக்கு வந்துடுங்கம்மா. பொண்ணுங்க டீம்ல எல்லாரும் கட்டாயம் இருப்பாங்க, நான் பொறுப்பு. இது நல்லா போச்சுன்னா பக்கத்துல பன்னெண்டு ஊருக்கும் நானே சொல்லிடறேன்."

ஆக, இன்றைக்கு இந்தப் பதினான்கையும் கிளப்பிவிட்டாக வேண்டும். இல்லையென்றால் கொண்டுவந்த படங்களைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

தலைவர் வந்து இரண்டு நிமிடம் அவளை வாயாரப் புகழ்ந்தார். டோனட் பெட்டியை மேசைமேல் வைத்தார். "நீங்க நடத்துங்கம்மா, எனக்குக் கீழ வேலை இருக்கு" என்று இறங்கிப் போனார். அந்த மனிதருக்கு இருக்கும் அக்கறையில் கால்வாசிகூட இந்தப் பெண்களுக்கு இல்லையே என்று வெர்லா நினைத்தாள். டோனட்டைக்கூட ஒருத்தியும் தொடவில்லை. உடம்பு பெருத்துவிடும் என்ற பயமாக்கும், அதற்குள்ளே.

அவள் முதல் படத்தைத் தூக்கிக் காட்டினாள்.

"இவ பேரு ஐடா ப்ரோகோபெட்ஸ். நம்ம பக்கத்து ஊருதான். எழுபது வருஷத்துக்கு முன்னால அண்ணனோட பழைய ஸ்கேட் ஷூல துணியைத் திணிச்சுப் போட்டுக்கிட்டு ஆடினா. உங்களுக்கெல்லாம் அந்தக் கவலை உண்டா?"

"இல்ல மிஸ்" என்று ஒரே ராகத்தில் பதில் வந்தது.

"எப்படி இருக்கும்? கேக்கறதுக்கு முன்னாலயே எல்லாம் கைக்கு வந்துடுதே."

கீழே விசில் சத்தம் கேட்டது. அத்தனை தலையும் கண்ணாடிப் பக்கம் போயிற்று. முன்வரிசையில் சிவப்புத் தலைமுடிக்காரி ஒருத்தி, ப்ரின் என்று பெயர், கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பெண்ணிடம் முணுமுணுத்தாள்.

"பாதி போச்சுடி."

"பாதிதான் போச்சு, கண்ணு. மீதியை நீ கேட்டுத்தான் ஆகணும்" என்றாள் வெர்லா. "அப்படி யாரு கீழ? அந்த ஒன்பதாம் நம்பரா?"

"அது என் அண்ணன், மிஸ்."

"அப்ப பதினேழாம் நம்பர். யாரோ ஒருத்தன். எனக்குத் தெரியாதாக்கும்."

ப்ரின் பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்துகொண்டாள். வெர்லா கடைசிப் படத்தை எடுத்தாள். கதையின் உச்சம் இதுதான்.

"ஒரு சாயங்காலம் ஐடாவோட டீம் ஆட வருது. ஆம்பளைங்க ஐஸைப் பிடிச்சு வெச்சிருக்காங்க. 'எங்களுக்கு வேணும், நீங்க போய்ச் சமையலைப் பாருங்க'ன்னுட்டாங்க. ஐடா அழுதாளா? டீமையே கூட்டிக்கிட்டு ஐஸ் நடுவுல போய் உக்காந்துட்டா. ரெண்டு மணி நேரம் அசையல. கடைசில ஆம்பளைங்கதான் மூட்டையைக் கட்டிக்கிட்டுப் போனாங்க."

இந்த இடத்தில் அறை அதிரக் கைதட்டல் விழும் என்று நம்பியிருந்தாள். ஒருத்தியும் தட்டவில்லை. பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பன்னிரண்டு ஊரும் கையைவிட்டுப் போவது வெர்லாவுக்கு நன்றாகவே தெரிந்தது. பொறுமை போய்விட்டது.

"உங்களை மாதிரி மண்ணாந்தைகளை நான் பாத்ததே இல்ல. உடம்புல ரத்தம் ஓடுதா, தண்ணி ஓடுதா? இதே மாதிரி உங்க ஐஸை ஒருத்தன் பிடுங்கியிருந்தா நீங்க என்னதான் பண்ணியிருப்பீங்க? வாயைத் திறந்து சொல்லுங்க பாப்போம்."

ப்ரின் எழுந்து நின்றாள்.

"இப்படித்தான் மிஸ், மேல வந்து உக்காந்திருப்போம். வியாழக்கிழமை அஞ்சு மணி எங்க பயிற்சி நேரம். சனிக்கிழமை பசங்களுக்கும் ஃபைனல், எங்களுக்கும் ஃபைனல். தலைவர் ஐஸை அவங்களுக்குக் கொடுத்துட்டு, உங்க கதையை எங்களுக்குக் கொடுத்திருக்காரு."