நான்கு வீடு தள்ளி

அன்று காலை பெசன்ட் நகர் வீட்டில் பால் காய்ச்சும்போது இருந்தவர்கள் ஐந்து பேர். ராமானுஜம், அவர் மனைவி ஜலஜா, அவர்களுடைய ஒரே பெண் ஹம்சினி, மாப்பிள்ளை தமிழ்மாறன், தமிழ்மாறனின் அப்பா தங்கவேல்.

ஹம்சினிக்கு ஏழாம் மாதம் பிறக்க இன்னும் மூன்று நாள். அதற்கு மேல் வீடு மாறக் கூடாது என்பது ஜலஜாவின் பிறந்த வீட்டு வழக்கம். அதனால்தான் இந்த அவசரம்.

மாடிப் போர்ஷன். சமையலறை ஜன்னலைத் திறந்தால் குப்பத்துப் படகுகள், அவற்றுக்கு அப்பால் கடல்.

வந்ததிலிருந்து ராமானுஜம் அந்த வீட்டைப் புகழ்ந்துகொண்டே இருந்தார். தண்ணீர் தாராளமாக வருகிறது என்றார். வெளிச்சத்துக்குக் குறைவில்லை என்றார். கருவாட்டு வாசனை உள்ளே வந்தபோது ஜலஜா தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டாள். பிள்ளைத்தாச்சிக்குக் கடல் காற்றைப் போல் வருமா என்று கேட்டார் ராமானுஜம்.

அவர் குடும்பத்தில் அதுவரை ஒருவரும் அடையாற்றைத் தாண்டிக் குடிபோனதில்லை. அதைப் பத்துப் பேர் நடுவில் பெருமையாகச் சொல்லி வந்தவரும் அவர்தான்.

ஹம்சினி ஆசைப்பட்டது இந்த வீட்டுக்கு அல்ல.

மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில், அப்பா வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளி, வெங்கடரமணன் வீட்டு மாடி காலியாகியிருந்தது. குரல் கொடுத்தால் அம்மா வந்துவிடுவாள். ஆபீஸ் போகும்போது குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டுபோய் விட்டுவிடலாம். அவளும் தமிழ்மாறனும் போய்ப் பார்த்தார்கள். தூளியை எங்கே கட்டுவது என்பது வரை பேசி முடித்துவிட்டார்கள்.

போன வாரம் அது கை நழுவிப் போயிற்று. வெங்கடரமணனின் மருமான் டில்லியிலிருந்து மாற்றலாகி வருகிறானாம் என்று ராமானுஜம் வந்து சொன்னார்.

மருமான் கதையை யாரும் நம்பவில்லை. வெங்கடரமணன் எதைப் பார்த்துப் பின்வாங்கியிருப்பார் என்று அவரவர் மனதுக்குள் ஊகித்துக்கொண்டார்கள். தமிழ்மாறனும்தான். அன்றிலிருந்து ஜலஜா, வெங்கடரமணன் மனைவியைக் கோயிலில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இருபது வருஷத்துச் சிநேகம்.

அதன் பிறகு ராமானுஜம் மே மாத வெயிலில் தெருத் தெருவாக அலைந்தார். செருப்பு கடித்துக் குதிகால் புண்ணாயிற்று. மயிலாப்பூரிலேயே வேறு வீடு பார்க்கலாமே என்று ஜலஜா சொன்னதற்கு, அங்கே தண்ணீர்க் கஷ்டம் என்றார். தி. நகரில் அவர் தம்பி குடும்பம் இருந்தது. அந்தப் பக்கமும் போகவில்லை.

கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று உறவுக்காரர்கள் கேட்டால் அரசாங்க உத்தியோகம் என்பார் ராமானுஜம். யார் மனுஷா என்று அடுத்த கேள்வி வந்தால் அவருக்குக் காது சற்று மந்தமாகிவிடும்.

கேஸ் இணைப்பு இன்னும் வரவில்லை. தங்கவேல் கோடம்பாக்கத்திலிருந்து ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பையில் போட்டு எடுத்துவந்திருந்தார். ஸ்டுடியோவில் முப்பது வருஷம் லைட்மேனாக இருந்தவர். மூத்தவர் பற்ற வைப்பதுதான் முறை என்று அவரே தீப்பெட்டியை ராமானுஜத்தின் கையில் வைத்தார்.

முதல் குச்சி காற்றில் அணைந்தது.

தமிழ்மாறன் ஜன்னலைச் சாத்தப் போனான். இவ்வளவு நேரம் புகழ்ந்த காற்றை வெளியே நிறுத்தச் சொல்ல ராமானுஜத்துக்கு வாய் வரவில்லை. இருக்கட்டும் என்றார்.

இரண்டாவதும் அணைந்தது. மூன்றாவதைத் தலைகீழாகப் பிடித்து உரசினார்.

தங்கவேல் பக்கத்தில் வந்து, இரண்டு உள்ளங்கைகளையும் குவித்து அவர் கையைச் சுற்றி அணை கட்டினார். சூடான விளக்குகளைப் பிடித்துப் பிடித்துத் தழும்பேறிய கைகள். மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னார்:

“வுடுங்க சம்பந்தி. அந்த ஆளு வூடு குடுக்கலன்னா அதுக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க? இதுக்குப் போயி குச்சியத் தலகீழா ஒரசுறீங்களே.”

குச்சி பற்றிக்கொண்டது.

பால் பொங்கிக் கிழக்கே வழிந்தது. ஜலஜாவின் முகம் மலர்ந்தது.

ஹம்சினி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தமிழ்மாறனின் தோளைப் பிடித்தபடி சிரமப்பட்டுக் குனிந்து நமஸ்காரம் செய்தாள். போன வாரத்திலிருந்து ராமானுஜம் மாப்பிள்ளையின் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. இப்போதும் அவர் பார்வை பெண்ணின் வகிட்டில்தான் நின்றது.

“எங்களுக்காக எத்தனை தெரு அலைஞ்சுட்டேள்ப்பா,” என்றாள் ஹம்சினி.

ஆசீர்வாதம் சொல்ல வேண்டிய இடம் அது. எத்தனையோ வீட்டுப் பெண்களுக்கு மனப்பாடமாகச் சொன்ன வாக்கியம். அதை விட்டுவிட்டு அவசரமாக அட்சதையைப் போட்டார். பாதி அவள் தலையில் விழுந்தது, பாதி தரையில் சிதறியது.

பெண் தூரத்துக்குப் போகிறாளே என்று மனது தாங்கவில்லை என்று ஜலஜா சம்பந்தியிடம் சமாதானம் சொன்னாள். தங்கவேல் தலையை ஆட்டினார். தமிழ்மாறன் மாமனாருக்கு உட்கார ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

மாப்பிள்ளையின் ஜாதியைக் கேட்டுவிட்டு வெங்கடரமணன் வீட்டைக் கொடுக்க மறுத்துவிட்டார் என்று தெற்கு மாட வீதியில் இன்றும் ஒரு பேச்சு உண்டு.

அப்படி இல்லை. வெங்கடரமணன் ஜாதியும் கேட்கவில்லை, மறுக்கவும் இல்லை. வெள்ளிக்கிழமை நல்ல நாள், பால் காய்ச்சிவிடச் சொல்லுங்கள் என்று சாவியை ராமானுஜத்தின் கையிலேயே கொடுத்திருந்தார். மறுநாள் விடிந்ததும் அந்தச் சாவியைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்து, பெண்ணுக்கு வீடு பிடிக்கவில்லை என்று சொன்னவர் ராமானுஜம்.