வெட்டுக்கு வந்த ராணி

ஆஷ்லினிடம் ஒரு குதிரை கூடுதலாக இருந்தது. அதை நினைக்க நினைக்க அவளுக்கு அழுகை வந்தது.

பன்னிரண்டாவது நகர்த்தலில் நிலோஃபர் தன் குதிரையைக் காவலில்லாமல் விட்டாள். ஆஷ்லின் அதை வெட்டாமல் விட்டிருக்கலாம்தான். ஆனால் பள்ளிக்கூட ஹாலின் ஜன்னலுக்கு வெளியே, பனிமூட்டத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு அப்பா மரியதாஸ் நின்றிருந்தார். அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

மரியதாஸ் காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். உலகத்துப் பெரிய ஆட்டக்காரர்களின் ஆட்டங்களை நோட்டில் எழுதி, தினமும் சாயங்காலம் மகளை ஒவ்வொன்றாக ஆடிப் பார்க்கவைப்பவர். அதன் பலனாக இந்த வருடம் சேலம், ஈரோடு, தருமபுரி என்று மூன்று கோப்பைகள் மலைமேல் வெள்ளக்கடையிலுள்ள அவர்கள் வீட்டுக்கு வந்துவிட்டன.

இன்றைய இறுதி ஆட்டத்தில் ஜெயிப்பவருக்குச் சென்னையில் ஐந்து வருடம் ஹாஸ்டலில் தங்கிப் பயிற்சி. போன கோடையில் பத்து நாள் அந்த ஹாஸ்டலில் இருந்து பார்த்தவள் ஆஷ்லின். விடிகாலை ஐந்து மணிக்குப் பலகை முன்னால் உட்கார்ந்தால் இரவு வரை அதே பலகைதான். வீட்டோடு பேச ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம். திரும்பி மலை ஏறிய பஸ்ஸில் அவள் அழுத அழுகை, கண்டக்டருக்கு இன்னும் ஞாபகமிருக்கும்.

போக மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தாள்.

"போகப் போகப் பழகிரும் கண்ணு," என்றார் அப்பா. காப்பி மூட்டைக்குக் குறி போடும் பெயின்ட்டால் புதுப் பெட்டியின் மேல் அவள் பெயரையும் எழுதிவிட்டார். அவ்வளவு ஆசையாக எழுதியவரிடம் கோபப்படவும் முடியவில்லை.

ஆகவே இன்று தோற்க வேண்டும். வேண்டுமென்றே தோற்றாள் என்று அப்பாவுக்குத் தெரியாமல் தோற்க வேண்டும்.

எதிரே இருந்த நிலோஃபர், கடைவீதி சாதிக் பாஷாவின் மகள், லேசுப்பட்டவள் இல்லை. அரையிறுதியில் போன வருடச் சாம்பியனையே சுருட்டியவள். ஆட்டம் தொடங்கும் முன் நடுவரிடம், "தோத்தவங்க உடனே ஊட்டுக்குப் போயிரலாமுங்களா?" என்று கேட்டாள். திமிரைப் பார், நம்மைத்தான் குத்திக்காட்டுகிறாள் என்று ஆஷ்லின் நினைத்துக்கொண்டாள். ஆனால் அந்தத் திமிரைத்தான் அவள் நம்பியிருந்தாள்.

இருபத்தோராவது நகர்த்தல். நிலோஃபர் தன் ராணியைக் கொண்டுவந்து ஆஷ்லினின் யானைக்கு நேர் எதிரே வைத்தாள்.

ஆஷ்லின் பலகையை மறுபடி பார்த்தாள். முதலில் குதிரை, அப்புறம் ராணி. போன வாரம் செல்போனில் அவளாகத் தேடிப் பார்த்த ஆட்டம் அப்படியே இதுதான். ராணியை வெட்டியவருக்கு நாலே நகர்த்தலில் கதை முடிந்துவிடும். அப்பாவின் நோட்டில் இன்னும் ஏறாத ஆட்டம் வேறு.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்துவிட்டது. பொறியில் சிக்கித் தோற்றால் யார் என்ன சொல்ல முடியும்? பெரிய பெரிய ஆட்களே ஏமாந்திருக்கிறார்கள் என்று அப்பாவே தேற்றுவார்.

யானையால் ராணியை வெட்டினாள். நிலோஃபர் மெல்லச் சிரித்தாள். மாதாவே நன்றி என்று மனதுக்குள் சொல்லிவிட்டு, ஆஷ்லின் அடுத்த அடிக்காகக் காத்திருந்தாள்.

நிலோஃபர் வேறெந்தக் காயையும் தொடவில்லை. தோற்றதாகத் தன் ராஜாவைப் பலகையில் சாய்த்துவிட்டுக் கையை நீட்டினாள்.

ஹால் முழுக்கக் கைதட்டல். ஜன்னலுக்கு வெளியே மரியதாஸ் மப்ளரை அவிழ்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சாய்ந்து கிடந்த ராஜாவைப் பார்த்தபடியே ஆஷ்லின் அந்தக் கையைப் பிடித்தாள்.

பிடித்த கையை விடாமல் நிலோஃபர் அவள் காதருகே குனிந்தாள்.

"நல்லவேள நீ வெட்டுன, ஆஷ்லின். எங்க அத்தா ஹாஸ்டலுக்குப் பெட்டியே வாங்கி வெச்சுட்டாரு."