எட்டாவது ஆள்

முதலில் கைவிட்டது காண்டிராக்டர்தான். பதினோரு வருடமாகியும் சார மேஸ்திரி அதை மறக்கவில்லை. மறக்கவும் மாட்டார்.

அப்போது அவர் வேறொரு மேஸ்திரியிடம் சாரம் கட்டும் கூலியாள். இரண்டாவது மாடியிலிருந்து விழுந்ததில் முழங்கால் நொறுங்கிவிட்டது. அந்த மேஸ்திரி ஊரைவிட்டே ஓடிவிட்டான். இன்ஷூரன்ஸ்காரர்கள் வந்து கேட்டபோது காண்டிராக்டர் கொஞ்சமும் கூசாமல், "இவன் என் ஆளே இல்ல" என்று சொல்லிவிட்டார்.

இன்றைக்கும் படியேறினால் அந்த முழங்கால் உயிரை வாங்குகிறது. பணம்கூட வேண்டாம், 'நான் சொன்னது தப்பு' என்று ஒரு வார்த்தை? அது இதுவரை வரவில்லை.

இப்போது அவரே ஆள் வைத்து, அதே காண்டிராக்டரிடம் சாரம் கட்டும் வேலையை எடுத்துச் செய்கிறார். வயிறு என்று ஒன்று இருக்கிறதே, என்ன செய்வது?

இன்று காலை அவருடைய ஆள் நெட்டையன் நான்காவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்துவிட்டான். உயிர் இருக்கிறது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை.

கட்டடத்து வாசலில் இருந்த தகரக் கொட்டகை ஆபீசில் மேஸ்திரி உட்கார்ந்திருந்தார். மின்விசிறி தலைக்கு நேரே சுற்றியும் வேர்வை நிற்கவில்லை. போன் அடித்தது. நெட்டையனின் மனைவி.

"அண்ணே, உடனே ஆபரேஷன் பண்ணணுமாம். யாரு பொறுப்புன்னு கேக்கறாங்க. உங்க பேரைச் சொல்லிட்டேன்."

"ம்... பாக்கலாம்மா."

போனைக் கவிழ்த்து வைத்தார்.

ஆட்களுக்கு மேஸ்திரியே இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. முதல் வருடம் எடுத்தார். அப்புறம், "நம்ம பசங்க குரங்கு மாதிரி, எவன் விழப்போறான்?" என்று விட்டுவிட்டார். இப்போது மொத்தமும் தன் தலையில்தான் விடியும். இருக்கிற ஒரு வீடும் போய்விடும். மகளை எங்கே கூட்டிக்கொண்டு போவது?

தப்பிக்க ஒரே ஒரு சந்து இருந்தது.

யார் யார் சாரத்தில் ஏறுகிறார்கள் என்று தினமும் காலையில் வாசலில் சீட்டுக் காட்ட வேண்டும். மேஸ்திரிக்கு எழுத்து வராது. மகளை ஒருமுறை எழுதச் சொல்லி, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, மாதக்கணக்காக அந்த ஒரே சீட்டையே காட்டிக்கொண்டிருந்தார். அதில் ஏழு பெயர். நெட்டையன் வேலைக்குச் சேர்ந்தே நாலு நாள்தான்.

இன்ஷூரன்ஸ் அதிகாரியம்மா வந்து எதிரே உட்கார்ந்தாள். மூலையில் காண்டிராக்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி, விழுந்தவர் யாரோட ஆள்?"

காண்டிராக்டர் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொள்ள வேண்டும் என்று மேஸ்திரிக்குத் தோன்றியது.

"என் ஆள் இல்லம்மா. சீட்டைப் பாருங்க, ஏழே பேருதான். எவனோ என்னமோ, அவனா ஏறியிருக்கான்."

அவள் எழுதிக்கொண்டாள்.

"அப்ப அவருக்கு எதுவும் கிடைக்காது."

"ஏம்மா?"

"மேஸ்திரிங்களோட ஆளுங்களும் காண்டிராக்டர் சார் பாலிசியில சேர்த்திதான். 'என் ஆள்'னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா முழுச் செலவையும் நாங்க ஏத்துக்குவோம். யாருமே சொல்லலேன்னா, வேடிக்கை பார்க்க உள்ள வந்து விழுந்த மாதிரிதான்."



"இது... எப்ப இருந்து?"

"பதினோரு வருஷமா. இதுக்குன்னே சார் தனியாப் பிரீமியம் கட்டறார். தேவையில்ல சார்னு எங்க ஆபீஸ்லயே சொல்லிப் பார்த்தோம், கேக்கல."

காண்டிராக்டர் அப்போதும் தலையை நிமிர்த்தவில்லை.

சொன்னதை மாற்றினால் பொய்யன். போலீஸ்கூட வரலாம். மாற்றாவிட்டால் நெட்டையன் காலத்துக்கும் படுக்கைதான்.

"அம்மா... அவன் என் ஆள்தான்."

"இப்பத்தானே இல்லைன்னீங்க?"

"பயந்துட்டேம்மா."

"வாயால சொன்னாச் செல்லாது. ஏன் மாத்திச் சொல்றீங்கன்னு எழுதிக் கொடுக்கணும். அதனால உங்க மேல நடவடிக்கை வந்தாலும் வரும். யோசிச்சுக்குங்க."

"வரட்டும். ஆனா எனக்கு எழுத வராதே..."

காண்டிராக்டர் எழுந்து வந்தார். ஒரு தாளை இழுத்து, மேசையில் குனிந்தபடியே எழுதினார். பிறகு படித்துக் காட்டினார்.

"'விழுந்தவன் என் ஆள்தான். எல்லாம் என் தலையில் விழுமோ என்ற பயத்தில் இல்லை என்று சொல்லிவிட்டேன். அது பெரிய பாவம். மன்னித்துவிடுங்கள்.'"

மேஸ்திரி நிமிர்ந்து பார்த்தார்.

"பாவம், மன்னிப்பு... அதெல்லாம் நான் சொல்லலையே?"

காண்டிராக்டர் மைப்பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"ரேகை வைங்க மேஸ்திரி. அங்க ஆபரேஷனுக்கு நேரமாகுது."

மேஸ்திரி கட்டைவிரலை அழுத்தினார். பதினோரு வருடமாகத் தனக்கு வரவேண்டியிருந்த மன்னிப்பைக் காண்டிராக்டர் ஒருவழியாக எழுதிவிட்டார்.

மேஸ்திரியின் பெயரில்.