ஹோரியே கடைந்த வளையம்

கடைக்குள் வந்ததிலிருந்து அந்தப் பெண் கஜிதானியின் முகத்தை ஒரு தடவைகூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. அந்த மட்டும் தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டான். ஹோரியே என்று அவள் பெயரைச் சொன்னபோதே அவன் முகம் வெளுத்துவிட்டது.

ஷின்ஜுக்குவில் பழைய கேமராக் கடைகள் வரிசை கட்டி நிற்கும் பின்தெரு அது. ஒரு கம்பெனி லென்ஸை இன்னொரு கம்பெனி கேமராவில் மாட்ட வேண்டுமென்றால், நடுவில் ஓர் அடாப்டர் வளையம் வேண்டும். அதைக் கடைந்து கொடுப்பதுதான் கஜிதானியின் தொழில். மூன்று வருஷமாக அமோகமாக ஓடுகிறது.

யாரோ கொடுத்துவிட்டுப் போன லென்ஸின் வளையத்தை வலப்பக்கம் திருப்பிக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "காட்டுங்க" என்றான்.

அவள் தன் கேமராவை மேசைமேல் வைத்துவிட்டு, ஒரு துணி முடிச்சை அவிழ்த்தாள். அவன் இப்போது கழற்றி வைத்த அதே கம்பெனி லென்ஸ். ஆனால் அதன் பின்பக்கம் இருந்த பித்தளை வளையம் எந்தக் கடையிலும் கிடைக்காதது. வீட்டுப் பட்டறையில் கடைந்தது.

"என் வீட்டுக்காரரோடது. மூணு வருஷத்துக்கு முன்னாடி நீகாத்தா மலையில பனியப் படம் எடுக்கப் போனவரு, திரும்பி வரல. இந்த லென்ஸ என் கேமராவுல மாட்டணும். அவரு பண்ணின வளையம் இதுக்குச் சேராதாம்."

"அடப்பாவமே. ஹோரியேங்கிற பேரையே நான் கேள்விப்பட்டதில்லீங்க." குரல் நடுங்காமல் வந்ததே அவனுக்கு ஆச்சரியம்.

கேள்விப்படாமல் என்ன? இணையத்தில் புனைபெயரில் பழகி, ஒரே ஒரு நாள் நேரில் பார்த்த மனுஷன். அந்த ஒரே நாளில்தான் ஹோரியே பனிச் சரிவில் வழுக்கி, கால் ஒடிந்து, கீழே பாறைத் திட்டில் கிடந்தார். ஆளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் கஜிதானி இறங்கினான். அவன் கோட்டுப் பையில் ஹோரியே பார்க்கக் கொடுத்திருந்த நோட்டு இருந்தது. எந்த லென்ஸுக்கு, எந்த கேமராவுக்கு, வளையம் எத்தனை மில்லிமீட்டர் என்று பத்து வருஷமாக எழுதி வைத்த கணக்கு.

கீழே வந்தவன் யாரையும் கூப்பிடவில்லை. நேராக ரயிலேறிவிட்டான். அந்த நோட்டை வைத்துத்தான் இந்தக் கடை.

பேசாமல் இருந்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே. "தனியாவா போனாரு?" என்று கேட்டுவிட்டான்.

போலீஸ் அப்படித்தான் எழுதி முடித்துவிட்டது என்றாள் அவள். பனி உருகிய பிறகு உடம்பும், தோள்பையில் இந்த லென்ஸும் கிடைத்தனவாம்.

"ஆனா அன்னைக்குக் காலையில நாலு சோத்து உருண்டை கட்டச் சொன்னாரு. ரெண்டுல மட்டும் உமேபோஷி வைக்கச் சொன்னாரு. அந்தப் புளிப்பு ஊறுகா வாடையே அவருக்கு ஆகாது."

கஜிதானியின் நாக்கில் அந்தப் புளிப்பு ஊறியது. நல்ல பசியில் இரண்டையும் ஒரு பருக்கை விடாமல் தின்றது அவன்தான். வழியில் யாருக்காவது கொடுக்க நினைத்திருப்பார் என்று எதையோ சொல்லி வைத்தான்.

"இருக்கலாம்" என்றாள். அப்போதும் அவள் கண் அவன் கைகளை விட்டு நகரவில்லை. செத்துப்போன கணவன் பொருளாயிற்றே, எங்கே கீழே போட்டுவிடுவானோ என்று பயப்படுகிறாள் போல என்று எண்ணிக்கொண்டான்.

சீக்கிரம் மாட்டிக் கொடுத்து ஆளை அனுப்பிவிட்டால் போதும். லென்ஸை எடுத்தான், பித்தளை வளையத்தை இடப்பக்கமாக அரைச் சுற்றுச் சுற்றினான். வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு வந்தது. அலமாரியிலிருந்து அவள் கேமராவுக்கு ஏற்ற வளையத்தைத் தேடி எடுத்துப் பொருத்தி, லென்ஸை அதில் மாட்டி, ஜன்னல் வழியே பார்த்தான். கால் மில்லி பிசகினாலும் தூரத்தில் இருப்பதெல்லாம் புகையாகிவிடும். இதில் தூரத்துக் கோபுர உச்சிகூடப் பளிச்சென்று தெரிந்தது.

"சரியா இருக்கு. எடுத்துக்கிட்டுப் போங்க" என்று நீட்டினான்.

அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, குனிந்து நன்றி சொன்னாள். பித்தளை வளையத்தைத் தனியாகத் துணியில் சுற்றி இடுப்பு வாரில் செருகிக்கொண்டாள். கதவு வரை போய்விட்டாள். கஜிதானிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கதவில் கையை வைத்தபடி நின்றாள். முதன்முறையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அவரு இடதுகைக்காரரு, கஜிதானி-சான். இந்த வளையத்த மட்டும் தனக்குத் தோதாத் தலைகீழாக் கடைஞ்சுக்கிட்டாரு. வெளியில பார்த்தா ஒண்ணும் தெரியாது."

கஜிதானி தன் கையைப் பார்த்தான். விரல் மரத்துப்போன ஹோரியே, வளையத்தைக் கழற்றிக் கொடுங்களேன் என்று அன்று காலை முழுக்க லென்ஸை நீட்டிக்கொண்டே இருந்தது இந்தக் கையிடம்தான். அதற்குப் பிறகு கனவில் எத்தனை தடவை கழற்றியிருப்பான் என்று கணக்கே இல்லை.

அவள் குரலை உயர்த்தவில்லை.

"இந்தத் தெருவுல பத்துக் கடை ஏறி இறங்கிட்டுத்தான் உங்ககிட்ட வந்தேன். பத்துப் பேரும் மொதல்ல வலப்பக்கம்தான் திருப்பினாங்க."