கைமாற்றாக வந்த டிஸ்க்

மணிமேகலைக்கு இடுப்பு விண்விண்ணென்று தெறிக்கிறது. விடிந்ததிலிருந்து தக்காளிக் கிரேட்டைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் குந்தியிருக்கிறாள். பாலக்கோட்டுத் தக்காளி மண்டியின் எடைக்கணக்கு ஏறும் சர்வர் அவள் பொறுப்பு. டிஸ்க் நிரம்பிவிட்டது, எடைச்சீட்டு வரவில்லை. வெளியே டிராக்டர்கள் வரிசைகட்டி நிற்கின்றன. வெயில் ஏற ஏற அடிக்கிரேட்டுகளிலிருந்து தக்காளிச் சாறு ரோட்டில் சொட்டுகிறது. "பழசையெல்லாம் அழிச்சுத் தள்ளு கண்ணு, சீட்டு வரட்டும்" என்று சன்னலுக்குள் தலையை நீட்டுகிறார் விவசாயி பச்சியப்பன். "அழிச்சுட்டா போன வாரம் நீங்க எறக்குன லோடுக்கு ஏதுங்க சாட்சி? உங்க டிராக்டரா வந்து பேசும்?" வரிசையில் சிரிப்பு எழுகிறது. அவள் சிரிக்கவில்லை. எதிர்க்கடை ஸ்டுடியோ முருகேஷிடம் கைமாற்றாக வாங்கிவந்த டிஸ்க்கைச் சர்வரில் சொருகுகிறாள். வரப்பை வெட்டிவிட்டு இரண்டு வயலை ஒன்றாக்குவதுபோல, அந்த டிஸ்க்கின் இடத்தைப் பழைய டிஸ்க்கின் இடத்தோடு சேர்த்து, கணக்கு கிடக்கும் பகுதியை நீட்ட வேண்டும். ஒரு வரிகூட அழியக் கூடாது. முன்பு கரும்பு வெட்டிக் காய்த்துப்போன அவள் விரல், திரையில் கட்டளையை எழுத்தெழுத்தாகத் தொட்டுப் பார்க்கிறது. பிறகு என்டரை அழுத்துகிறது. சர்வரின் விசிறி இரைச்சலோடு சுழல்கிறது. கிர்ரென்று முதல் சீட்டு நீள, பச்சியப்பன் அதைக் கிழித்துக்கொண்டு வண்டிக்கு ஓடுகிறார். வாசலில் முருகேஷ் நிற்கிறான். "அக்கா, நாளைக்குப் பென்னாகரத்துல கல்யாண வீடியோ. டிஸ்க்க மறந்துராதீங்க." கணக்கு இப்போது இரண்டு டிஸ்க்கிலும் பரவிக் கிடக்கிறது; இனி அதை உருவினால் மண்டிக் கணக்கு மொத்தமும் குலைந்துவிடும். "வேற ஒண்ணு தரேன்டா" என்கிறாள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. அடுத்த சீட்டு நீள்கிறது. நாளை விடிவதற்குள் முருகேஷுக்கு அவள் ஒரு டிஸ்க் கொடுத்தாக வேண்டும்.