எந்தச் சுவரில் பாடுவது?

ஒரு வீட்டில் பாட்டுக் கட்டும் பல்லி ஒன்று இருந்தது. தன் பாட்டை நாலு பேர் கேட்கவேண்டும் என்று அதற்குக் கொள்ளை ஆசை.

முதலில் கூடத்துக் கிழக்குச் சுவரில் ஏறிப் பாடியது. கீழே கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. "பாத்தீங்களா, பல்லியே சொல்லிடுச்சு! இந்த வரனையே முடிச்சிடுவோம்" என்று எல்லோரும் பூரித்துப்போனார்கள். பாட்டைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை.

மறுநாள் அதே பாட்டை மேற்குச் சுவரில் பாடியது. "ஐயையோ, அந்தப் பக்கம் சொல்லுதே!" என்று வெளியூர் கிளம்பியவர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டார். சமையலறைச் சுவரில் பாடியபோது துடைப்பம் பறந்து வந்தது. ட்யூப்லைட் பக்கத்தில் பாடிய அன்று வயிறு நிறைந்ததே தவிர, பெயர் கிடைக்கவில்லை.

பல்லிக்குத் தலை சுற்றியது. பாட்டு என்னவோ ஒன்றுதான். இங்கே யோகம் என்கிறார்கள், அங்கே அபசகுனம் என்கிறார்கள். மூலையில் வலை பின்னிக்கொண்டிருந்த சிலந்தியிடம் போய் நின்றது.

"அண்ணே, எனக்கு ஒண்ணுமே புரியலை. எந்தச் சுவருக்குப் போனா என் பாட்டைப் பாட்டாக் கேப்பாங்க?"

"ஏன், ட்யூப்லைட் பக்கத்துல ஒரு ஈசல் கேட்டுச்சே. இறக்கையைக்கூட அசைக்காம, கடைசி வரி வரைக்கும் சொக்கிப்போய் உட்கார்ந்திருந்துச்சு."

"நிஜமாவா!" பல்லிக்கு வால் நுனிவரை சிலிர்த்தது. "அது இப்ப எங்க இருக்கு, அண்ணே?"

சிலந்தி பல்லியின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தது.